கறுப்பாக விழுந்த மகிழங்கன்று

ஒரு பிளாஸ்டிக் இலையைக் குப்புறப் படுத்து நாற்பது நிமிடம் செல்போனில் படமெடுத்து, அதன் உயிர்த்துடிப்பில் நெகிழ்ந்துபோனவன் நான். இலை நுனியில் ஒரு நீர்த்துளி. அதற்குள் வானம் தலைகீழாக. ‘இலையின் மூச்சு’ என்று தலைப்பு வேறு வைத்தேன். படத்தை இன்னும் அழிக்கவில்லை. தற்பெருமை தலைக்கேறும் நாட்களில் திறந்து பார்த்துக்கொள்கிறேன், நல்ல குணம் தெரிகிறது.

அரியலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் நூலகர். நூலகத்துக்குப் பின்னால் தாவரவியல் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா திருமானூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட இளையவர்தான், ஆனால் எங்கள் எல்லோருக்குமே அக்கா. இது நடந்தபோது பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தார். மூன்று வருடம் முன்பு, கோடையில், ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் தோட்டத்தைப் பாராட்டினால் அக்காவை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். தோட்டத்தின் நடுவில் நின்றது தாளாளர் தன் கையால் நட்ட மகிழங்கன்று. அது வாடினால் யாருடைய வேலை வாடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழுவுக்காகத் தோட்டத்தைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன், யாரும் கேட்கவில்லை. திருச்சியில் ஒருவரிடம் கொடுத்து, என் பழைய கேமராவுக்குள் இருந்த வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் அது பிடித்தது. லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டரை மாட்டினால், உயிருள்ள இலைகள் அதில் பனி மூடியதுபோல் வெள்ளையாக விழும். ஒரு வாரம் செடி செடியாகத் தவழ்ந்தேன். குழு வரும் நாள் காலையில், சட்டமிட்ட படங்களைக் கூடத்தில் மாட்டும்போதுதான் ஒன்றை உற்றுப் பார்த்தேன். சின்னத் திரையில் நிழல் என்று நினைத்திருந்தது நிழல் அல்ல. சுற்றிலும் செடிகள் வெண்மையாய் ஒளிர, மகிழங்கன்று மட்டும் கரிக்கட்டையாக நின்றது.

ஏதோ நோய் என்று அக்காவிடம் ஓடினேன். கன்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

“பட்டுப்போயி பதினஞ்சு நாளாச்சுங்க சார். மோட்டார் ஓடலன்னு ஆபீஸ்ல நாலு தடவ சொல்லிப் பாத்துட்டேன். கொடத்துல தூக்கியாந்து ஊத்துனேன். மத்ததெல்லாம் பொழச்சிருச்சு, இது பொழைக்கல.”

அதே உயரத்தில் வேறு கன்று எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லையாம். கல்யாண வளைவுக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் இலைகளை வாங்கிவந்து, காய்ந்த கிளைகளில் ஒவ்வொன்றாக நூலால் கட்டியிருக்கிறார். தண்ணீர் தெளித்தது தூசி தெரியாமலிருக்க. நான் நாற்பது நிமிடம் படமெடுத்த நீர்த்துளியும் அந்தத் தண்ணீர்தான்.

படத்தைக் கழற்றத் திரும்பி ஓடினேன். சட்டத்தில் கை வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தாளாளரோடு குழு உள்ளே வந்துவிட்டது. அதில் ஒரு தாவரவியல் பேராசிரியை. நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்று, மூக்குக் கண்ணாடியை இறக்கி, இது மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டார். தாளாளர் என்னைப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற அக்கா தரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, இருபதடி தூரத்தில் கன்று. யாராவது நடந்துபோய் ஓர் இலையைத் தொட்டால் பதினோரு வருடமும் போச்சு.

“என் தப்புங்க மேடம். ஃபில்டரை மாத்தி மாட்டிட்டேன். எனக்கு இன்னும் கை வரல” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாக நானே குறை சொன்னேன். பேராசிரியை முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளும்படி அறிவுரை சொன்னார். தாளாளர் எல்லாப் படங்களையும் கழற்றச் சொன்னார். வெயிலுக்குப் பயந்த குழு, வராந்தாவில் நின்றபடியே தோட்டத்தைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனது. இன்று அங்கே நிற்பது அக்கா பிறகு நட்ட கன்று. என் தோளுயரம் வந்துவிட்டது.

நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்று அக்கா நூலகத்துக்கு வந்தார். நன்றியை ஏற்றுக்கொள்ளும் முகத்தோடு எழுந்து நின்றேன்.

“நீங்க வாயத் தொறந்ததும் பயந்துட்டேன் சார், இவரு சொல்ற பொய்ய யாரு நம்பப் போறாங்கன்னு” என்றார். “படம் எடுக்கத் தெரியலன்னீங்க பாருங்க, ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரல.”