ஆட்டத்தில் என்ன மரியாதை?

யுத்த காலத்தில், சேலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி தந்த டிரில் மாஸ்டரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒல்லியான ஆள், தொளதொளத்த காக்கி அரைக்கால் சட்டை. கோபம் வந்தால் விசிலைப் பல்லால் கடிப்பார்.

நாங்கள் நெசவுக்காரப் பிள்ளைகள் நாலு பேர். ஐந்தாவது ஆள் பண்ணையக்காரர் மகன். அவன் கைக்குப் போன பந்து திரும்பாது. “போடுங்க, போடுங்க” என்று கெஞ்சுவோம்.

“பந்தாடறப்ப என்னடா மரியாத? பயந்தவன் கைக்குப் பந்து வராது. டேய்னு கூப்பிடு!” என்று மாஸ்டர் கத்துவார்.

ஒரு நாள் கூப்பிட்டுவிட்டேன். பந்து வந்தது, கூடையிலும் விழுந்தது.

மறுநாள் பண்ணையக்காரர் மைதானத்துக்கே வந்து நின்றார். “எம் பையனை டேய்னு கூப்பிட்டவன் எவன்?”

மாஸ்டர் விசிலைக் கடித்தார். பிறகு, “இவந்தானுங்க” என்று என்னைக் காட்டினார்.

“நீங்க சொல்லித்தானுங்களே சார்...” நான் முடிப்பதற்குள் பண்ணையக்காரரின் அறை கன்னத்தில் விழுந்தது.

அவர் தலை மறைந்ததும் மாஸ்டர் பந்தை என் கையில் திணித்து, அதே பழைய குரலில் கத்தினார்: “ஆடுடா! பயப்படாம டேய்னு கூப்பிடு!”

வெட்கம் கெட்ட மனிதரா, இல்லை தனக்கு இல்லாத தைரியத்தை எங்களுக்காவது கொடுத்துவிடப் பார்த்தாரா? யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வருகிறது.