துடைக்கக் கூடாத தங்கம்

என் தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. இம்மி பிசகினாலும் மறுபடி தேய்ப்பான். அவனைப் போல வேலைக்காரன் எங்கள் தெருவில் இல்லை என்று யாரிடமும் சொல்வேன்.

அவனுக்கு ஒரே கிறுக்கு, தங்கக் காசு. அதுவும் வரைபடத்தில் பேனா முனை வைத்தால் மறைந்துபோகும் குட்டித் தீவு நாடுகள் வெளியிடும் காசு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. "கழுத்துல போட முடியாத தங்கம் என்னத்துக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவன் மனைவி ஓய்ந்துவிட்டாள்.

ஒரு தீவு, கடல்வாழ் உயிர்களைப் பொறித்து எட்டுக் காசு வெளியிட்டது. எட்டையும் சேர்த்துச் சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. முதல் வருடம் ஆமைக் காசு கிடைக்கவில்லை. ஏழுக்கு இடமில்லை என்றார்கள். அடுத்த வருடம் ஆமை வந்தது, அதன் சான்றிதழ் வரவில்லை. ஐந்து கடிதம் எழுதினான். மூன்றாம் வருடம்தான் எல்லாம் சேர்ந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் அவன் வேலைக்குப் போயிருந்தான். பெட்டிகளை நான்தான் வரிசையாக அடுக்கினேன். ஆமையின் முதுகில் லேசான மங்கல் தெரிந்தது. அழுக்கோடு அனுப்ப மனம் வரவில்லை. பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, அவன் கடைத் துணியாலேயே பூப்போலத் துடைத்தேன். பளபளத்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். நடுவர் பூதக்கண்ணாடியோடு ஏழு காசுக்கும் தலையாட்டினார். எட்டாவதில் நின்றார்.

"இதைத் தொடைச்சிருக்கீங்க. கோடு கோடா கீறல். இந்த மாதிரிக் காசை யாராவது கையால தொடுவாங்களா?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் தொடைச்சேன்" என்றான். கீறல் எப்படி விழும் என்று லென்ஸ் தேய்க்கிறவனுக்கே நடுவர் பாடம் எடுத்தார். கேட்டுக்கொண்டு நின்றான். எட்டுக் காசும் கண்காட்சிக்கு ஏறவில்லை.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதி. பேருந்தில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"உன் கை சும்மா இருக்காதுன்னு தெரியும்லக்கா. பூட்டி வெச்சிருக்கணும்."

வீடு வந்ததும் ஆமைக் காசை என் உள்ளங்கையில் வைத்தான். "இனிமே இதை எவ்வளவு வேணா தொடைச்சுக்கோ."

அலமாரியைத் தினமும் துடைக்கிறேன், அந்தக் காசைத் தவிர. இன்னொரு ஆமை வேண்டுமென்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். காத்திருப்போர் வரிசையில் பதினொன்றாவது பெயர் அவனுடையது. முன்னால் இருக்கும் பத்துப் பேர் யாரென்றே தெரியாது. அவர்கள்மேல் எனக்கு இப்போதே கோபம் கோபமாக வருகிறது.