எரிந்தது யார் வீட்டு அடுப்பு?

உருளைக்கிழங்கு வெந்து முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுகிறார். அண்டாவின் மேல் மூடியை இழுத்துப் பொருத்தி, "மிச்சத்த மூடி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடுப்புக்கு நகர்கிறார். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் கிழங்கு பதமாக வெந்திருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

எங்கள் மருத்துவமனையில் இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கும் அக்கா இவர். உப்பில்லாமல் எத்தனை பேருக்கு, கரைத்துக் குடிப்பதாக எத்தனை பேருக்கு என்று, நோயாளிகளின் உணவுக் கணக்கைப் பார்க்கும் நான் எழுதிக் கொடுக்கும் சீட்டை ஒரு தடவைதான் பார்ப்பார். வயது ஐம்பத்து நான்கு. குள்ளமான உருவம். இடது புருவத்தில் பாதி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அடுப்பு குப்பென்று பற்றியதில் போனது. சமையலறையின் இந்தக் கோடியில் பாத்திரத்தை மீறி ஜுவாலை நீண்டால், அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் வரும்: "யாரது, காத்துக்குச் சமைக்கறது?"

வீட்டில் அவர் அடுப்புப் பக்கம் போவதே அபூர்வம். இரண்டு வேளை இங்கேயே முடிந்துவிடும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்க்கும் இடத்தில் சாப்பிட்டுக்கொள்வார். ராத்திரிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும். "ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு வந்து மறுபடியும் அடுப்பு முன்னாடி நின்னா, அடுப்புக்கே என்னப் பாத்து அலுத்துப் போயிடும்" என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தக் குழாய் கேஸ் பில் வந்தது. பதினோரு வருடம் வாடகைக்கு இருந்த மாடிவீட்டைக் காலி செய்துவிட்டு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய வீட்டுக்கான கடைசி பில் அது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, இதப் படி. என் கண்ணு தப்பாப் பாக்குதா, இல்ல அவங்க தப்பா எழுதியிருக்காங்களா?"

ஒரு சிறிய ஓட்டல் எரிக்கும் அளவு அதில் இருந்தது. கணவர் சிரித்தாராம்: "எனக்குத் தெரியாம மெஸ் நடத்துனியா?" பிறகு, கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றாராம். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "காசு போனா போகுது. முப்பது வருஷமா அடுப்பப் பாத்துக்கறவ நான். கேஸ வாரி எறச்சவள்னு எழுதி அனுப்பியிருக்கான். நான் கட்டினா, ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி இல்ல?"

கேஸ் அலுவலகத்துக்குத் துணைக்கு நானும் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பொறுமையானவர்தான். ரெண்டு வருஷமாகக் கணக்கெடுக்க ஆள் போகாததால் தோராயமாக பில் போட்டதாகவும், காலி செய்தபோதுதான் நேரில் பார்த்துக் குறித்ததாகவும் சொன்னார்.

"எங்கயாவது கசிஞ்சிருக்கும்மா."

"கசிஞ்சிருந்தா மொதல்ல என் மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும்."

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

"சொல்லாதுதான். ஆனா யார் வீட்டு மீட்டர்னு அதுக்குச் சொல்லத் தெரியாதே!"

வேகத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்னதும் அக்கா சட்டென்று பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் அதை விரித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இறங்கும் இடம் வந்தபோது, "அந்த வீட்ல நாள் பூரா அடுப்பெரியறது ஒரே எடத்துலதான் தம்பி" என்றார். கீழ்வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்கும் பெண்மணி. தனி ஆள். காலை முதல் மாலை வரை அவர் அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் மாடியேறி வந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

மறுநாளே அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரையும் என்னையும் அழைத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனார்.

மெழுகுவர்த்திக்காரம்மா கதவைத் திறந்து கட்டிக்கொண்டார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. பில்லைக் காட்டினார். போன வருடத்துக்கு முந்தின வருடம் புது மீட்டர் மாட்டியபோது பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்களோ என்ற சந்தேகத்தையும் சொன்னார்.

அந்தம்மா பில்லை வாங்கிப் பார்த்தார். "பில்லு ஏறவே இல்லியேன்னு, நான்தான் சிக்கனமா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேனே அக்கா!"

"உன் தலையில கட்டிட்டுப் போக நான் வரல. அப்படியே கட்டினாலும் ரெண்டு பேரும் சேந்து அவுப்போம். ஒரு பத்து நிமிஷம் அடுப்ப அணைக்கிறியா?"

அடுப்பில் பாதி உருகிய மெழுகு. அணைத்தால் கட்டி தட்டிவிடும். அதைவிட, அணைத்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தம்மா மெழுகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டி அடுப்பின் குமிழைத் திருகி மூடினார்.

மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த தபால்காரர் விஷயத்தைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார். தன் வீட்டு அடுப்பு அத்தனையையும் ஏற்றிவிட்டு, "எரியுதுங்க!" என்று மேலிருந்து கத்தினார். மாடிப்படிக்குக் கீழே நாங்கள் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து நின்றோம். 'மேல் வீடு' என்று ஒட்டியிருந்த மீட்டர் கல்லாக நின்றது. 'கீழ் வீடு' சுற்றியது.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக், செல்போனில் படம் பிடித்தபடி.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் ஆள் அனுப்பிச் சோதித்தார்கள். அடுத்த வாரம் குமாஸ்தாவே எழுந்து நின்று சொன்னார்: "தப்பு எங்களுதுதாம்மா. உங்களுது சரியாயிடுச்சு. இனி கீழ்வீட்டுக்கு மொத்தமா பில் போட்டுடுவோம்."

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"சீட்ட மாத்தி ஒட்டினது யாரு? நீங்க. ரெண்டு வருஷம் வந்து பாக்காதது யாரு? அதுவும் நீங்க. கட்டறதுக்கு மட்டும் அந்தம்மாவா? உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க தம்பி. எனக்கு இன்னிக்கு லீவுதான்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் குமாஸ்தாவின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, காய் குழைந்துபோனதற்குக் காரணமும் சொல்லிவிட்டார். மேலதிகாரி வந்தார், கேட்டார், நெற்றியைத் தேய்த்தார். முதல் வருடத்தைத் தள்ளுபடி செய்து, மீதியைச் சின்னச் சின்னத் தவணையாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் நாலு சாயங்காலம் அக்கா மெழுகுவர்த்திக்காரம்மா வீட்டுக்குப் போனார். எப்போது தீயைத் தணிப்பது, எப்போது அணைப்பது என்று பக்கத்தில் நின்று காட்டினார். மெழுகு பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். "உருகறதும் வேகறதும் ஒண்ணுதான தம்பி? அவசரப்பட்டா ரெண்டும் கெடும்."

நேற்று திருத்திய பில் தபாலில் வந்தது. காலையில் அதைச் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் வீட்டில் எரிந்த கேஸ், எங்கள் சமையலறையில் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. உதவியாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு பணம் குறைந்தது என்று ஒருத்தி கேட்டாள். அக்கா காகிதத்தை மேசையில் வைத்து, தொகை இருந்த கீழ்ப்பாதியைப் பின்பக்கமாக மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தார். எரிந்த அளவு மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி, அறிவிப்புப் பலகையின் நடுவில் குத்தி வைத்தார்.