உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். கதவுக் கீல் கிறீச்சிட்டால் உப்புக்காற்று. ரேடியோ கரகரத்தால் உப்புக்காற்று. அம்மாவின் கத்தரிக்கோல் வாயைத் திறக்க மறுத்தால் அதற்கும் அதுவேதான். நான் கணக்கில் மார்க் குறைவாக வாங்கியபோது மட்டும் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே தனியாக நின்ற வீடு. அப்பா சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் தண்ணீர் கட்டிய பாத்திகள், அவற்றின் நடுவே கால் வைக்க வரப்புகள், அதற்கப்பால் வெறும் வானம். உப்பு வார வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு பேச்சுச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நானாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. ஐந்தாவது முடித்திருந்தேன். என்னோடு படித்த பெண்கள் எல்லோரும் ஊருக்குள் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய கோடை இப்படி இல்லை, அப்போது சித்தி இருந்தாள். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி எங்களோடுதான் இருந்தார்கள். எனக்குத் தலை பின்னிவிடுவாள், என்னோடு சரிக்குச் சரியாகச் சண்டை போடுவாள், தாயக்கட்டையில் வெட்கமில்லாமல் ஏமாற்றுவாள். மாசி மாதத்தில் ஒருநாள் அவளும் சித்தப்பாவும் தாழ்ந்த குரலில் ரொம்ப நேரம் பேசினார்கள். மறுநாள் பெட்டியோடு பொம்மையார்பாளையத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன சண்டை என்று கேட்டதற்கு, "பெரியவங்க விஷயம்" என்று அம்மா சொன்னாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டது சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள்தான். பாண்டிச்சேரியை விட்டுத் தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து வாங்கிய பழைய வண்டி. சைக்கிளுக்கு அண்ணன், மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி என்று சொல்லும்படி அவ்வளவு லேசாக இருக்கும். சித்தியை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது சித்தப்பா வரப்பிலிருந்து சறுக்கி வண்டியோடு பாத்திக்குள் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் ஹேண்டில்பார் ஒரு பக்கம் மடங்கிவிட்டது. இரவு முழுக்க அது உப்புத் தண்ணீரிலேயே கிடந்ததால் ஆக்சிலேட்டர் கைப்பிடியும் இறுகிப்போயிற்று.

"தம்பி, பஸ்ஸுதான் இருக்குதே. காலைல போனா சாயங்காலம் கூட்டிட்டு வந்துடலாமே" என்றாள் அம்மா.

"பஸ்ஸுல போனா என்னா மரியாதை அண்ணி? வண்டியில கொண்டுபோய் வுட்டேன். வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். ரெடியாவட்டும்" என்றார் சித்தப்பா.

ஆக, வண்டி ஓடினால் சித்தி வருவாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கும் காட்டாத வேகத்தை அந்த வண்டியிடம் காட்டினேன்.

முதலில் ஹேண்டில்பார். வெறும் குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலை இறுக்கமாக அடைத்து, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, பழுக்கக் காய்ச்சித்தான் நிமிர்த்த வேண்டும். மணலுக்குக் கடற்கரை வரை நடக்க வேண்டியிருந்தது.

"மணலுக்கு எதுக்கு பாப்பா அவ்ளோ தூரம்? நம்மகிட்டதான் உப்பு கொட்டிக் கிடக்குதே" என்றார் சித்தப்பா.

எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. உப்பளத்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நல்ல பருமனான கல் உப்பாகப் பார்த்து, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தேன். சவுக்கு விறகு நெருப்பில் குழாயை வைத்துக் கொஞ்ச நேரம் ஆகவில்லை. உள்ளே படபடவென்று பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. ஒரு முனையின் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து போய்க் கோழிக் கூண்டில் மோதியது. அதன் பின்னாலேயே உப்பு மழை.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். "என்னா, ஹேண்டில்பாருக்குத் தாளிக்கிறீங்களா?"

சித்தப்பா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு மணலே எடுத்து வந்தோம். பூவரச மரத்தின் கவையில் குழாயைக் கொடுத்து, அவர் இழுக்க நான் தொங்க, மெல்ல மெல்ல நிமிர்ந்தது. செங்கல் தூளும் மண்ணெண்ணெயும் போட்டு நான் துரு தேய்த்தேன். என் பாவாடையின் நிறமே மாறிவிட்டது. பளபளப்பு உரிந்த இடங்களில் சில்வர் பெயின்ட் அடித்தோம். ஹேண்டில்பார் இரண்டு கையையும் ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டு நின்றபோது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்தது ஆக்சிலேட்டர். வலது கைப்பிடியைத் திருகினால், அதற்குள் சுருளாக வெட்டிய பள்ளத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கட்டை நகரும். அது கேபிளை இழுக்கும். கேபிள் ஹேண்டில்பாரின் வயிற்றுக்குள்ளேயே ஓடி, கீழே இறங்கி, கார்புரேட்டரைத் திறந்துவிடும். கையைத் தளர்த்தினால் எல்லாம் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். இதை சித்தப்பா ஒரே ஒரு தடவைதான் சொல்லித் தந்தார். மறுபடி அவருக்கே நான் சொல்லித் தரும் அளவுக்குப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினோம். கைப்பிடி வெண்ணெய் போலத் திரும்பியது.

மறுநாள் காலையில் அசையவில்லை.

"உப்புக்காத்து" என்றார் சித்தப்பா.

மறுபடி கழற்றினோம், கழுவினோம், பூட்டினோம். சாயங்காலம் திரும்பும், காலையில் இறுகிக்கிடக்கும். ஒவ்வொரு நாளும் இதே கதை. அப்பா பொறுமை இழந்தார்.

"டேய், ஒரு கைப்பிடிக்கு எத்தினி நாளுடா? அந்தப் பொண்ணு அங்க என்னான்னு நெனைக்கும்?"

"நான் என்னா பண்றது? காத்து அப்பிடி இருக்குது."

இந்தக் காரணத்தை அப்பாவால் மறுத்துப் பேச முடியவில்லை. அவருடைய தண்ணீர் இறைக்கும் எஞ்சினும் அதே காற்றால்தான் அந்த வாரம் படுத்திருந்தது.

நான் விடவில்லை. காற்று நுழையாதபடி கைப்பிடியின் வாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். காலையில் அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே சுருள் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விட்டிருந்த எண்ணெயைக் காணோம். பெரிய கண்டுபிடிப்பு செய்தவளைப் போல அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாருங்க சித்தப்பா, டியூப் கட்டினத தாண்டி உள்ள பூந்திருக்குது!"

அவர் அந்த உப்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். "அது எங்கதான் பூராது பாப்பா."

காற்று எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று வியந்தேன். டியூபின் முடிச்சு நான் போட்ட மாதிரி இல்லை என்பதும் கண்ணில் படத்தான் செய்தது. காற்றில் ஆடி ஆடி மாறியிருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டேன். அறிவியலில் எனக்கு நல்ல மார்க்.

அன்று சாயங்காலம் புது உபாயம் செய்தேன். எஞ்சின் ஓட்டுகிறவரிடம் கிரீஸ் கேட்டு வாங்கி, பள்ளம் முழுவதும் அப்பினேன். பிறகு கேபிள் நுனியை விடுவித்து, கைப்பிடியை மட்டும் கழற்றி, பித்தளைக் கட்டையோடு எண்ணெய்த் துணியில் சுற்றி, என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சித்தப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

காலையில் மாட்டினேன். கைப்பிடி திரும்பியது. விட்டால் சொடக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா டவுனுக்குப் போய் டின்னில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினார், புனலைப் பிடித்தது நான்.

"அப்புறம் என்னப்பா? வண்டிதான் ரெடியாயிடுச்சே. நாளைக்கி நல்ல நாளு" என்றார் அப்பா.

மறுநாள் காலை சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். சித்திக்குக் கொடுக்க அம்மா கனகாம்பரச் சரத்தை ஈரத்துணியில் சுற்றித் தந்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

"வர்றப்ப மூணு பேரு உக்கார முடியாதே பாப்பா" என்றார். அது நியாயமாக இருந்தது. சித்திக்கு இடம் வேண்டும்.

ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வரப்பு ஓரமாகப் போன மண்பாதையில் வண்டி சின்னதாகிக்கொண்டே போனதைக் குவித்து வைத்த உப்பின் மேல் ஏறி நின்று பார்த்தேன். பாதை ரோட்டில் சேரும் இடத்தில் சித்தப்பா நின்றார். இடது பக்கம் திரும்பினால் பாண்டிச்சேரி ரோடு, பொம்மையார்பாளையம் அந்த வழியில்தான். வலது பக்கம் மரக்காணம் டவுன், அதைத் தாண்டித் திண்டிவனம். நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று தடவை முறுக்கினார். நான் செய்த வேலையைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு வலது பக்கம் திரும்பினார்.

அந்த வெட்டவெளியில் சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்கும். எங்கேயாவது திணறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இல்லை. தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும் வரை ஒரே சீராகப் போயிற்று.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வழக்கத்தைவிட அதிகமாக அளந்திருந்தாள்.

"வண்டி சூப்பரா போவுதும்மா. சித்தப்பா பெட்ரோல் போட டவுன் பக்கம் திரும்பிட்டாரு. போட்டுட்டு சித்திய கூட்டிட்டு வந்துடுவாரு."

முந்தின நாள் புனல் பிடித்தது நானே என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டவுன் பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பாதியைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாள். சித்தி வருகிற நாளில் அம்மா இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.