பழகட்டும் என்று கொடுத்த இருக்கை

பிரேக்கக்காவின் வலது காலுக்கு மட்டும் வயது அதிகம். புதுச் செருப்பு வாங்கினால் இடது செருப்பு மெருகு குலையாமல் இருக்கும்போதே வலது செருப்பின் முன்பாகம் தேய்ந்து, பிரேக் மிதியின் வரிகள் அதில் அச்சாக விழுந்துவிடும். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவள் ஆசிரியை. கற்க வருபவர்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார்கள். அவள் பக்கத்து இருக்கையில். அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எதிரே லாரியைக் கண்டதும் ஓட்டுகிறவர் கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் அந்தக் கால் தூங்காது. அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தப் பள்ளிக்கு முதலில் அவள் போனது தொலைபேசி எடுக்க. ஒரு நகல் கடைக்கு மேலே ஒற்றை அறை. மேசை மேல் சாக்பீஸால் சாலைகள் வரைந்து, அதில் சக்கரம் போன பொம்மைக் கார்களை நகர்த்திப் பாடம் நடக்கும். அப்போது சொல்லிக்கொடுத்த ஆளுக்கு நாக்கில் தேள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே படியிறங்கிப் போவார்கள். ஒருநாள் அவன் முதலாளியோடும் மல்லுக்கு நின்று கிளம்பிப்போனான். வாசலில் கற்க வந்த ஆள் காத்திருந்தது. முதலாளி இவளைப் பார்த்து, "நீ போய் உக்காரும்மா, சமாளிக்கலாம்" என்றார். அத்தனை நாளும் பாடத்தைக் காதால் கேட்டே கரைத்துக் குடித்திருந்தவள்தான், ஓட்டுரிமமும் வாங்கி வைத்திருந்தவள்தான். ஆனாலும் அன்று உட்காருவதற்கு முன் காருக்குள் தலைகீழாக நுழைந்து, கைவிளக்கடித்து, தன் பக்கத்து பிரேக்கின் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு சாத்தியதுதான். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே போனது.

பள்ளிக் கார் பள்ளிக் கொட்டகையை விட்டு வெளியே தங்காது. அவள் வருவதும் போவதும் பஸ்ஸில். வீட்டிலும் ஒரு கார் இருந்தது. கணவருக்குப் பூட்டுக் கடை. உலகத்துப் பூட்டையெல்லாம் திறப்பார், காரின் கியர் மட்டும் அவருக்குத் திறக்காது. அவள்தான் கற்றுக்கொடுத்தாள். வீட்டு வாசல் தூணில் அவர் காரை இடித்து, முகம் வெளிறி இறங்கப் பார்த்தபோது, கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எறங்கக் கூடாது. இடிச்ச கைதான் வண்டிய எடுக்கணும். இப்ப எறங்கினா பயம் சீட்டுல உக்காந்துக்கும், நீங்க திரும்ப உக்கார முடியாது."

அதே தூணைத் தாண்டி மறுபடி மறுபடி ஓட்டவைத்தாள். அவளிடம் கற்ற எல்லோருக்கும் அந்தச் சட்டம் உண்டு. அவருக்குக் கை திருந்தியது. கடைக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எங்கே போனாலும் அவரே ஓட்டினார். பழகட்டுமே என்று கொடுத்த இருக்கை, பழகி முடித்த பிறகும் திரும்பி வரவில்லை. கேட்டால் சிரிப்பார். "நாள் பூரா கார்லதானே இருக்கே, இங்கயாவது ஓய்வா உக்காரேன்." ஓய்வாம். அவர் ஒவ்வொரு தடவை தாமதமாக பிரேக் போடும்போதும் இவள் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட அறையின் சுவரில், வருஷம் முடிந்தும் கிழிக்காத நாட்காட்டித் தாள் ஒன்று. மேலே பச்சை மலைச்சரிவு, கீழே கடல், நடுவே மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு சாலை. சாலையில் ஒரு வண்டி கிடையாது. பக்கத்தில் யாருடைய தப்பையும் பார்த்துக்கொண்டிராமல் அந்தச் சாலையில் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அதனாலேயே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கணவரே சொன்னார். "இந்த லீவுக்கு உன் நாட்காட்டி ஊருக்கே போறோம். வாடகைக் கார். நீ ஓட்டு, நான் வேடிக்கை பாக்கறேன்." அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடுவாரா? கிளம்பும் வாரத்தில் கொழுந்தனும் ஓரகத்தியும் சேர்ந்துகொண்டார்கள். கொழுந்தன் புதிதாகப் பெரிய கார் வாங்கியவன். வாயைத் திறந்தால் இன்ஜின் சத்தம்தான் வரும்.

கடல் தாண்டிப் போய் இறங்கியதும், வாடகைக் கார் நிலையத்தில், "யார் ஓட்டப்போறீங்க?" என்று கேட்ட பெண் கேட்டு முடிப்பதற்குள் கொழுந்தன் தன் உரிமத்தை நீட்டினான். கணவரும் நீட்டினார். அவள் தன்னுடையதையும் எடுத்து அவற்றின் மேல் தட்டென்று வைத்தாள்.

"அண்ணி எதுக்கு? நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல."

"நானும் இருக்கேன்ல, தம்பி."

மூன்று பெயரும் பதிவாயின. சாவி கொழுந்தன் கைக்குப் போனது. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும் என்பதால் முன்னால், அதே பக்கத்து இருக்கை.

அழகான நாடுதான், சும்மா சொல்லக் கூடாது. மழை துடைத்துவிட்ட புல்வெளிகள், கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள், துறைமுக ஊர்களில் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த வண்ண வீடுகள், படகுகளின் தாம்புக்கயிறு வாசம். அவள் எதைப் பார்த்தாள்? கொழுந்தன் வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் குறைப்பதைப் பார்த்தாள். முன்னால் போகும் வேனின் முதுகில் மூக்கை உரசுவதைப் பார்த்தாள். கால் தானாக மிதித்தது.

"அண்ணி, அங்க பிரேக் இல்ல. தரைதான் ஓட்டையாகும்" என்றான் கொழுந்தன். "வாடகைக் காரு, நாமதான் அடைக்கணும்."

ஓரகத்தி சிரித்தாள். கணவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது.

அவள் கேட்காமல் இல்லை. கேட்டாள். ஊருக்குள் நெரிசல், தாண்டியதும் தருகிறேன் என்றார்கள். தாண்டியதும் மழை. மழை விட்டால் பாதை குறுகல். பாதை அகன்றால், "நல்ல ரோடு, இதுல நான் ஒரு அழுத்து அழுத்திக்கிறேன் அண்ணி." கணவர் முறை வந்தபோது அவரும் அதே பாட்டுத்தான். "நாளைக்கு" என்றார். அந்த நாளைக்கு விடியவே இல்லை. சாவி எப்போதும் கொழுந்தன் தட்டுக்குப் பக்கத்தில், ஸ்பூன் மாதிரி கிடந்தது.

கடலோரச் சாலைக்குப் போக வேண்டிய காலை வந்தது. தங்கும் விடுதியின் சின்னச் சாப்பாட்டு அறையில் ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டிருந்த விடுதிக்காரம்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "இன்னைக்கு அந்த மலைப்பாதையா? யாரு ஓட்டறீங்க? கொஞ்சம் பாத்துப் போங்க."

பிரேக்கக்கா வாயைத் திறந்தாள். கணவர் முந்திக்கொண்டார்.

"தம்பிதான். இவ டிரைவிங் டீச்சர்ங்க, ஆனா இவளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வரும். ஓட்டறது வேற கலை, இல்லையா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். விடுதிக்காரம்மா சிரிக்கவில்லை. பிரேக்கக்காவின் கையிலிருந்த வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது. உள்ளே எரிந்தது கோபம் மட்டும் அல்ல. ஒருவேளை உண்மையோ என்ற பயம் அதற்குள் ஒரு முள்ளாக இருந்தது. அந்த முள்தான் கோபத்தை இன்னும் மூட்டியது.

கத்தியை வைத்தாள். கொழுந்தன் தட்டுக்குப் பக்கத்திலிருந்து சாவியை எடுத்தாள். எழுந்து போனாள்.

அவர்கள் பெட்டிகளோடு வெளியே வந்தபோது அவள் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கண்ணாடியைத் தட்டினான். "அண்ணி, என்ன வெளாட்டு இது?"

"ஏறுறவங்க ஏறலாம். இல்லனா மத்தியானம் பஸ் இருக்காம், விசாரிச்சுட்டேன்."

ஏறினார்கள். கணவர் பக்கத்து இருக்கையில். ஓரகத்தி பிஸ்கட் பொட்டலத்தோடு பின்னால். "எனக்கு யார் ஓட்டினாலும் ஒண்ணுதாம்ப்பா, தூங்கிருவேன்" என்றாள்.

கடலுக்குப் போவதற்கு முன், இரண்டு பக்கமும் கல் சுவர் எழுப்பி, சுவரின் மேல் புதர் மண்டிய ஒரு ஒடுங்கிய பாதை. கார் சொன்னபடி கேட்டது. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. அப்போது எதிரே ஒரு பால் வண்டி திரும்பியது. அவள் ஓரம் கட்டினாள். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு காரின் அகலத்தை மறுபக்கத்திலிருந்து அளந்தே பழகிய கண் அது. சுவர் எப்போதும் தன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எத்தனை விரல் இடைவெளி என்று பார்க்காமலே சொல்வாள். இப்போது சுவர் தூரத்தில், கணவரின் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு தூரம் என்று அவள் கண் சொன்ன கணக்கு பழைய இருக்கையின் கணக்கு.

"சுவரு! சுவரு!" என்று கணவர் கத்தினார். அவர் கால் தரையை மிதித்தது.

கர்ரென்று ஒரு சத்தம் காரின் உடம்பு முழுக்க ஓடியது. காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பக்கக் கண்ணாடி மடங்கி உடைந்தது. பால் வண்டிக்காரன் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஓரகத்தி விழித்து, "என்னாச்சு? பிஸ்கட் கொட்டல" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்!" கொழுந்தன் குரலில் சந்தோஷம் வழிந்தது. "எறங்குங்க அண்ணி. நான் எடுக்கறேன். அண்ணன் சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா?"

அவன் சொல்லிக்கொண்டே இறங்கி வந்து இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஒரு கணம் அவள் விரல் பெல்ட்டின் பொத்தானுக்குப் போனது. அழுத்தியிருந்தால் போதும். பழைய இடத்துக்குப் போய்ச் சாய்ந்து, செத்துப்போகும்வரை தரையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

விரலை எடுத்தாள்.

"கதவச் சாத்துங்க, தம்பி."

"அண்ணி..."

"இடிச்ச கைதான் எடுக்கணும். உங்க அண்ணன் எங்க வீட்டுத் தூணை இடிச்சப்ப நான் எடுத்தேனா? கேளுங்க. அவரைக் கேளுங்க!"

கொழுந்தன் குனிந்து அண்ணனைப் பார்த்தான். கணவருக்கு முகம் சுருங்கிப்போயிருந்தது. உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெதுவாக, "சரிடா. அவ எடுக்கட்டும்" என்றார்.

நல்லதைத்தான் சொன்னார். அதற்குத்தான் அவளுக்கு உச்சிமுடி நட்டுக்கொண்டது.

"எடுக்கட்டும்னு சொல்ல நீங்க யாருங்க? பழகட்டும்னு குடுத்தது நானு. உங்க வாயால குடுக்கறதுக்கு இது என்ன உங்க கடைப் பூட்டா? எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வரும்னீங்க. ஆமா, ஓட்டி இடிச்சுட்டேன். ஏன் இடிச்சேன் தெரியுமா? ஊரையெல்லாம் இந்தச் சீட்டுல உக்கார வெச்சேன், உங்களையும் வெச்சேன். என்னை ஒருத்தரும் வெக்கல. இன்னும் ரெண்டு இடத்துல இடிப்பேன். இடிச்சுத்தான் கத்துக்கணும். நீங்க எல்லாம் அப்படித்தானே கத்துக்கிட்டீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது. கொழுந்தன் கதவைச் சாத்தி, பின்னால் போய் ஏறிக்கொண்டான்.

அவள் மூச்சை இழுத்துவிட்டு, சக்கரத்தை நேராக்கி, காரைச் சுவரிலிருந்து பிரித்தாள். இன்னொரு தடவை கர்ரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, "அந்தப் பக்கம் எவ்ளோ இருக்கு?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "ஒரு சாண்."

"நான் ஒரு முழம்னு நெனச்சேன்." மறுபடி நகர்த்தி, நிறுத்தினாள். "இப்ப?"

"ஒரு சாண்."

"ம்." கண்ணை அந்த அளவுக்குத் திருத்திக்கொண்டாள். பாதை முடியும்வரை அவள் கேட்டாள், அவர் சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேச அவருக்குத் துணிவு வரவில்லை. வந்திருந்தால் நல்லபடி முடிந்திருக்காது.

பாதை திறந்தது. மேலே பச்சை, கீழே கடல், நடுவே அந்தச் சாலை. நாட்காட்டியில் இருந்ததைவிட வளைவுகள் அதிகம். எதிரே வண்டிகளும் வந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தாள். வளைவுக்குள் நுழைந்ததும் மெல்ல அழுத்தினாள். கார் மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனது. அவள் வலது காலுக்கு அடியில் நிஜமான பிரேக் இருந்தது. மிதித்தால் பிடித்தது.

நின்று கடலைப் பார்ப்பதற்கென்று சாலையோரம் ஒதுக்கிய திட்டு ஒன்று வந்தது. கார்கள் நின்றிருந்தன, ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, ஒரு ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. கடலைப் பாத்துக்கறோம்" என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி.

"சன்னல் வழியாப் பாருங்க" என்றாள் பிரேக்கக்கா. "இத்தனை நாள் நான் அப்படித்தானே பாத்தேன்."

அவள் நிறுத்தவில்லை.