போஷகர் நாற்காலியில் உட்காராத ஜெகதீஸ்வரி

பூவரசந்துறை ஊர் மக்கள் ஒன்றியத்தின் கனடா, மொன்ட்ரியால் கிளையில் தோற்றுப்போன தலைவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவரைப் போஷகர் ஆக்கிவிடுவார்கள். போஷகருக்கு முன்வரிசையில் நாற்காலி, தோளில் பொன்னாடை, குத்துவிளக்கில் முதல் திரி. வாக்கு மட்டும் கிடையாது. கூட்டத்தில் வாய் திறக்கும் வழக்கமும் கிடையாது. ஓர் ஆளை அடக்கிவைக்க இதைவிடப் பவ்வியமான வழியை எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

2004ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெகதீஸ்வரி தோற்றதும், வென்ற இரவிச்சந்திரன் வாயெல்லாம் பல்லாக அவரிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் இனி எங்கட போஷகர். பட்ட பாடு காணும், போதும். முன்னுக்கு வந்து சந்தோஷமா இருங்கோ."

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி," என்றுவிட்டு ஜெகதீஸ்வரி மெட்ரோவில் ஏறினார். வீட்டுக்கு வரும்வரை அழுகையை அடக்கினார். வந்ததும் அடக்கவில்லை. அவமானமாக இருந்தது. தோற்றதைவிட, தோற்றது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்ததுதான் அவரைச் சுட்டது.

அவர் தலைவரான கதையே ஒரு கூத்து. ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேலங்கிகளுக்குக் கை பொருத்துகிறவர். கணவர் பார ஊர்தி ஓட்டிக்கொண்டு பாதி நாள் கல்கரிப் பக்கம் இருப்பார் என்பதால் ஒன்றியத்தின் அங்கத்துவம் அவருக்குப் பதிலாக இவர் பெயரில் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அங்கத்தவர், ஒரு கை. அதுதான் யாப்பு, ஒன்றியத்தின் சட்டம். ஒருமுறை இரண்டு கோஷ்டிகள் தலைவர் பதவிக்கு முட்டிமோதி, எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போக, ஒரு கோஷ்டிக்காரர் தன் ஆட்களை ஜெகதீஸ்வரியின் பக்கம் திருப்பிவிட்டார். ஜெகதீஸ்வரி வென்றார். திருப்பிவிட்டவர் மறுவாரமே பொருளாளர் ஆனார். அவ்வளவுதான், தமிழர் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க ஒரே பேச்சு. பேரம் பேசிப் பிடித்த பதவியாம். பேரமே நடக்கவில்லை என்று ஜெகதீஸ்வரி கற்பூரம் அடித்துச் சொன்னாலும் கேட்பார் இல்லை.

பிறகு அவர் கொண்டுவந்த எதுவும் நிறைவேறவில்லை. அதில் ஒன்றுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. குடும்பத் தலைவர் இறந்தால், வளர்ந்த மகன் இல்லாத வீட்டின் பெயரை ஒன்றியத்தில் வெட்டிவிடுவார்கள். விதவை விழாவுக்கு வரலாம், சாப்பிடலாம், கை உயர்த்த முடியாது. நல்லம்மாவின் கணவர் மாரடைப்பில் போன அடுத்த கூட்டத்தில், வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்த நல்லம்மாவிடம், "அக்கா, இது அங்கத்தவர்களுக்கான கூட்டம்," என்று ஒருவர் மெல்லச் சொன்னார். நல்லம்மா குளிர் அங்கியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். தலைவர் நாற்காலியில் இருந்து அதைப் பார்த்தவர் ஜெகதீஸ்வரி. யாப்பை மாற்ற அன்றே புறப்பட்டார். முடியவில்லை. பதவியும் போயிற்று.

அந்த இலையுதிர் காலத்தில், வீட்டில் முடங்கிக் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியை அமெரிக்காவில் இருந்து வந்தவர். ஆளுக்கொரு பழைய அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார். வாஷிங்டனை முன்வரிசை வாங்கில் இருந்தவர் அமுக்கிவிட்டார். ஜெகதீஸ்வரிக்குக் கிடைத்தவர் ஜோன் குயின்சி அடம்ஸ், ஆறாவது ஜனாதிபதி.

மகள் நிரோஜா நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்து, பின்னட்டையை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இந்தாள் ஒரு லூசர் எல்லோ? ஒரே ஒரு தரம்தான் இருந்திருக்கிறார். பேந்து தோத்துட்டார்."

"எனக்கெண்டு பாத்துத்தான் தந்திருக்கினம்," என்று முணுமுணுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி அகராதியோடு உட்கார்ந்தார்.

அடம்ஸின் தகப்பனும் ஜனாதிபதி. சின்ன வயதிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, பல மொழிகள் படித்த கெட்டிக்காரன். ஆனால் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத மனுஷன். 1824 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முடிவு கீழ்ச்சபைக்குப் போனது. அங்கே ஹென்றி கிளே என்பவர் தன் ஆதரவை அடம்ஸுக்குக் கொடுத்தார். அடம்ஸ் வென்று, அதே கிளேயை வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். பேரம், ஊழல் என்று நாடே கத்தியது.

ஜெகதீஸ்வரி புத்தகத்தை மூடி, கணவரின் கைபேசிக்கு அழைத்தார். "இஞ்சை கேளுங்கோ, இது அப்பிடியே என்ர கதை!"

அதன்பின் நித்திரை எங்கே வரும்? வீதிகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வானத்தைப் பார்க்க ஓர் ஆய்வுகூடம் என்று அடம்ஸ் பெரிய பெரிய திட்டங்கள் போட்டார். சபை பெரும்பாலானவற்றுக்குக் கைவிரித்தது. விடியற்காலையில் ஆற்றில் போய் நீந்தித் தன் ஆத்திரத்தைத் தணித்தாரோ என்னவோ. 1828இல் அன்ட்ரூ ஜாக்சனிடம் படுதோல்வி. வென்றவரின் பதவியேற்புக்கே அவர் போகவில்லை. இந்த இடத்தில் ஜெகதீஸ்வரிக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

கதை இத்துடன் முடியும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், பாதிப் புத்தகம் மிச்சம் கிடந்தது. ஜனாதிபதியாக இருந்தவர் தன் ஊர்த் தொகுதியில் நின்று, சாதாரண உறுப்பினராகக் கீழ்ச்சபைக்குத் திரும்பி வந்திருக்கிறார். கௌரவக் குறைச்சல் இல்லையா என்று கேட்டார்களாம். இல்லை என்றாராம். அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு மக்கள் அனுப்பிய மனுக்களைச் சபையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெண்கள் அனுப்பியவையும் அவற்றில் குவிந்து கிடந்தன. பெண்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், ஏன் இருக்கக் கூடாது என்று நாள் கணக்கில் வாதாடினார். அந்த மனுக்களை வாசிக்காமலே மேசையில் போட வேண்டும் என்று சபை சட்டம் போட்டது. கிழவர் விடவில்லை. இந்த மனு அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று சபாநாயகரிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டே சபையைப் பேசவைத்தார். சட்டத்தை உடைக்க எட்டு வருஷம் எடுத்தது. உடைத்தார். அதற்குப் பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. அதே சபையில், தன் மேசையிலேயே சரிந்து விழுந்து, இரண்டு நாளில் இறந்தார்.

வகுப்பில் ஜெகதீஸ்வரி ஐந்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் பேசினார். நிறுத்தச் சொல்ல ஆசிரியைக்கு மனம் வரவில்லை.

2005 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில், இரவிச்சந்திரன் பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார். ஜெகதீஸ்வரி எழும்பினார்.

"அது வேண்டாம் தம்பி. நான் சாதாரண நிர்வாகசபை உறுப்பினர் பதவிக்குக் கேக்கிறன்."

கூட்டத்துக்கு நாற்காலி அடுக்குவதுதான் அந்தப் பதவியின் வேலை. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. "தலைவரா இருந்தவா கதிரை அடுக்கப் போறாவோ?" என்று பின்னுக்கு ஒருவர் கேட்டார்.

"ஓம், அடுக்குவன். வாக்கும் போடுவன்."

அந்தப் பதவிக்கு அடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் போட்டியின்றித் தெரிவானார். முதல் கூட்டத்திலேயே தங்களையும் அங்கத்தவர் ஆக்கும்படி கேட்டு நல்லம்மாவும் மற்ற விதவைகளும் ஒப்பமிட்ட மனுவை எடுத்து நீட்டினார். அடுத்த கூட்டத்திலும் நீட்டினார். மூன்றாவது கூட்டத்தில் நிர்வாகம் பொறுமை இழந்து ஒரு தீர்மானம் போட்டது. இந்த விஷயத்தை இனி எவரும் கதைக்கக் கூடாது, மனு வந்தால் வாசிக்காமல் மேசையில் வைக்க வேண்டும். ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர்கள் எவரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வழியில்லையே!

அவர் படித்திருந்தார். அடம்ஸ் செய்ததையே செய்தார். மனுவைப் பையில் வைத்துவிட்டுச் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்.

"தலைவர், ஒரு சின்ன விளக்கம். விளையாட்டுப் போட்டியில நல்லம்மாவின்ர மகள் ஓடலாமோ? அங்கத்தவரின்ர பிள்ளையள்தானே ஓடலாம்? இது கதைக்கக் கூடாத விஷயத்துக்குள்ளை வருதோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

வருகிறது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் கதைக்க விட வேண்டும். இரவிச்சந்திரன் வருகிறது, நல்லம்மா அங்கத்தவர் இல்லையே என்றார். அப்படியென்றால் தகப்பன் செத்ததற்குப் பிள்ளைக்குத் தண்டனையா என்று ஒருவர் குதித்தார். யாப்பு யாப்புத்தான் என்று இன்னொருவர் மேசையில் அடித்தார். தேநீர் ஆறிப்போனது. அடுத்த மாதம் வேறொரு சந்தேகம். பனி கொட்டினாலும் வந்தார், காய்ச்சலோடும் வந்தார். சிலர் அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஜான்-டலோன் சந்தையில் கண்டால் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். அது நோகத்தான் செய்தது. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் சந்தேகம் கேட்க அவர் கை உயர்ந்தது.

இரண்டாவது வருஷம், செயலாளர் செபஸ்தியாம்பிள்ளை நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்து மெலிந்து போய்ப் பொதுக்கூட்டத்துக்கு வந்தார். அந்தத் தீர்மானத்தைத் தன் கையால் எழுதியவர் அவர்தான்.

"தலைவர், கதைக்கக் கூடாதெண்டு போட்ட நாளில இருந்து நாங்கள் வேற ஒண்டும் கதைக்கேல்லை," என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஆசுப்பத்திரியில படுத்திருக்கேக்கை ஒண்டை யோசிச்சன். நான் கண்ணை மூடினால் அடுத்த கூட்டத்தில என்ர மனிசியை எழும்பச் சொல்லுவியள். என்ர கையாலதானே அதை எழுதினனான்? ஜெகதீஸ்வரி கொண்டுவாற யாப்பு மாற்றத்தை நான் வழிமொழியிறன்."

அதற்குப் பிறகு எதிர்த்துக் கை உயர்த்த ஆட்களுக்குக் கூச்சமாகிவிட்டது. தடை போயிற்று, யாப்பும் மாறியது. ஜெகதீஸ்வரி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதார்.

அடுத்த கூட்டத்துக்கு நல்லம்மா அங்கத்தவராக வந்து நடுவரிசையில் உட்கார்ந்தார். பெண்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஜெகதீஸ்வரி ஒரு பிரேரணை வைத்தார். சனி இரவில் நடக்கும் கூட்டத்தை இனி ஞாயிறு காலையில் வைக்கலாம். யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைத்து உட்காரப் போனார்.

"நான் எதிர்," என்று ஒரு குரல் வந்தது. நல்லம்மா கையை உயர்த்தியபடி எழுந்து நின்றார். "ஞாயிறு காலமை எனக்கு ஹோட்டலில வேலை. என்னைக் கேக்காமல் நீங்களே முடிவெடுத்தால், பேந்து நான் எப்பிடி வந்து கை உயர்த்துறது?"

மற்ற விதவைகளின் கைகளும் எழும்பின, வேறு சிலவும் சேர்ந்தன. பிரேரணை தோற்றது. ஜெகதீஸ்வரிக்கு முகம் ஒரு கணம் சூடேறியது. அந்த மண்டபத்தில் அவர் தோற்ற தோல்விகள் கொஞ்சமா? இது மட்டும் தொண்டையில் இனித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்கோ அண்ணை. நல்லம்மா எதிர்த்து நிண்டவா, நான் தோத்துப் போனன்."