சப்பாத்தைக் கழற்றச் சொன்னது நான்தான்

அன்புவழிபுரத்தில் எங்களுடையது வாடகை வீடு. அன்று வெள்ளிக்கிழமை, வீடு கழுவிய ஈரம் காயவில்லை. கடையிலிருந்து புதுப் பிரிட்ஜைத் தூக்கிவந்த இருவரையும் வாசலில் மறித்தேன்.

"சப்பாத்தோட வராதேங்கோ தம்பி, சாமியறை இருக்கு."

"கழற்றக் கூடாதெண்டு கடையில சொல்லியிருக்கு, அக்கா."

"அது கடை. இது வீடு."

கழற்றினார்கள். நாலடி வைப்பதற்குள் முன்னால் வந்தவருக்கு வழுக்கியது. பிரிட்ஜ் சாய்ந்து, வீட்டுக்காரரின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அதற்கு அந்தப்பக்கம் என் மகள் நின்றாள். அவள்மேல் விழாமல், அவர் கண்ணாடித் துண்டுகளில் வெறுங்காலோடு நின்று தாங்கிப் பிடித்தார்.

"அசையாதேங்கோ மகள்" என்றார். காலடியில் இரத்தம்.

மற்றவரும் சேர்ந்து பிரிட்ஜை நிமிர்த்தினார். நான் பதற்றத்தில் கடைக்குப் போன் எடுத்து, கதவை உடைத்துவிட்டார்களென்று சத்தம் போட்டேன்.

"சப்பாத்துப் போட்டிருந்தவரா?" என்று முகாமையாளர் கேட்டார். "இல்லாட்டி நட்டம் அவருக்குத்தான். வேலையும் போகும்."

கால் வெட்டுப்பட்டவர் என்னைப் பார்த்தார்.

"போடேல்லை" என்றேன். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

முகாமையாளர் அவருடைய பெயரைக் கேட்டபோதுதான் மிச்சத்தையும் சொன்னேன். "நான்தான் கழற்றச் சொன்னனான். கதவு என்ர பொறுப்பு."

ஒரு பொய்கூடச் சொல்லாமல் அந்த மனிதரின் வேலையைப் பறிக்க இருந்தேன்.